உரிமையாளர்: திருமூர்த்தி

ஜூன் 2, திங்கள்

மென்பொருள் மாற்றம் முடிகிற வரைக்கும் தினமும் என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கணினிப் பிரிவுத் தலைவர் பத்மநாபன் சாரின் உத்தரவு. அவருக்கு ஒன்று எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாததை எழுத இது.

எங்கள் மருத்துவமனைக்கு ஈரோடு தலைமை. கரூர், தாராபுரம், கோபி, நாமக்கல் எல்லாம் கிளைகள். ஊருக்கு ஊர் சர்வர். பரிசோதனை முடிவுகளைச் சேர்ப்பது, மருந்து இருப்பைக் கணக்கெடுப்பது, நோயாளிகளுக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் தானாக நடக்கும் வேலைகள். எந்த வேலை எந்த ஊர் இயந்திரத்தில், எது முடிந்த பிறகு எது என்று ஏவுகிற மேஸ்திரிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அந்த மேஸ்திரியை மேய்க்கிறவள் நான். இருக்கிற ஷெட்யூலருக்கு வயதாகிவிட்டதாம். மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் புதியதற்குக் குடிபெயர்க்க வேண்டும்.

புதியது கறாரான பேர்வழி. ஒவ்வொரு வேலைக்கும் உரிமையாளர் என்று ஒருவர் பெயரைக் கேட்கிறது. அவர் இப்போது பணியில் இருக்கிறவராகவும் இருக்க வேண்டும். பழையதில் முக்கால்வாசி வேலைகளுக்கு உரிமையாளர் திருமூர்த்தி. திருமூர்த்தி என் கணவர். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். போன வருடம் தை மாதம் போய்விட்டார். நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு மாவரைத்ததில் மறந்திருந்தேன். கருணை அடிப்படையில் அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

அவருடைய அடையாள அட்டையை வாங்கி வெட்டிப் போட்டார்கள். வருகைப் பதிவிலிருந்து பெயரை எடுத்தார்கள். ஷெட்யூலருக்குள் நுழைகிற ஐடியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை மூடினால் அவர் பெயரில் ஓடுகிற வேலைகள் அத்தனையும் நின்றுவிடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அதே கதிதான். அதனால் ஷெட்யூலரைப் பொறுத்தவரை என் வீட்டுக்காரர் சாகவில்லை. தினமும் வேலைக்கு வருகிறார். ஒரு நாள் லீவு போட்டதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கோபி, தாராபுரம் வேலைகளை என் பெயருக்கு மாற்றினேன். காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 5, வியாழன்

கரூர் மருந்து இருப்பு வேலையை மாற்ற எடுத்தபோது அதன் லாக்கில், யார் எப்போது ஓட்டினார்கள் என்று எழுதி வைக்கிற பதிவில், பார்த்தேன். நேற்று மதியம் அதை யாரோ ஃபோர்ஸ் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். முந்தைய வேலை முடிகிற வரை காத்திராமல், பிடரியைப் பிடித்துத் தள்ளி ஓடவிடுவதற்கு அப்படிப் பெயர். அரிசி வேகுமுன் இலை போடுகிற மாதிரி. அதைத் தானாக எந்த வேலையும் செய்துகொள்ளாது. ஒரு ஆள் உள்ளே வந்து, கையால் செய்ய வேண்டும்.

செய்தவர் பெயர் என்ற இடத்தில் திருமூர்த்தி.

பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். இந்தப் பழைய ஷெட்யூலர் பெயரை மட்டும்தான் குறிக்கும், எந்த ஊரிலிருந்து என்று எழுதாது. எழுதாததே நல்லது என்று தோன்றியது. திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து மேஜைப் பெண் தூசியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் காபி இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். தர்ஷிகா பார்த்தாள். என் மகள், பதினொன்றாம் வகுப்பு. இரண்டாவதை அவளே எடுத்துக் குடித்தாள். அவளுக்குக் காபி பிடிக்காது.

பத்மநாபன் சாரிடம் சொல்லவில்லை. மாற்றத் திட்டத்தில் கரூரைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். காரணம் கேட்டார். அங்கே சர்வர் பழசு, நிதானமாகச் செய்ய வேண்டும் என்றேன். பாதி உண்மை.

ஜூன் 9, திங்கள்

வேலை நேரம் முழுக்க அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருந்த காலத்தில்கூட இப்படித் திரும்பத் திரும்ப வாசலைப் பார்த்ததில்லை.

மதியம் கரூரிலிருந்து சென்னியப்பன் அண்ணா வந்தார். அந்தக் கிளையின் சர்வர் அறை அவர் பொறுப்பு. என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறக்காத அண்ணன். அவர் போன அன்று ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தவர் இவர்தான். மெமோ வாங்கியவன் பெண்டாட்டிக்கு எதற்கு வேலை என்று நிர்வாகத்தில் இழுத்தபோது, டிரஸ்டி வீட்டு வாசலில் போய் நின்று பேசியவரும் இவர்தான். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

"அம்முணி, பழைய லாக்கையெல்லாம் புதுசுக்குத் தூக்கிட்டுப் போறியா என்ன?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணலீங்ணா."

"எதுக்குக் கண்ணு அந்தச் சுமை? புது வீட்டுக்குக் குடி போறவங்க பழைய வெளக்கமாத்தையா கொண்டு போவாங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

மெமோ என்று நேற்று எழுதியாகிவிட்டது. எழுதியதை முடித்துவிடுகிறேன்.

அவர் போவதற்கு முந்தைய ஆடி மாதம். பரிசோதனை முடிவுகளை அவரவர் போன் எண்ணோடு கோர்க்கிற வேலை ஒன்று. அது முடிந்த பிறகு செய்தி அனுப்புகிற வேலை இன்னொன்று. கோர்ப்பது பாதியில் இருக்கும்போதே யாரோ இரண்டாவதை ஃபோர்ஸ் ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். வரிசை ஒன்று தள்ளிப்போய், ஒருவர் முடிவு அடுத்தவர் போனுக்குப் போனது. அன்றே கண்டுபிடித்துத் திருத்தச் செய்தியும் அனுப்பினார்கள். காங்கேயத்தில் ருக்குமணி என்ற அம்மா முதல் செய்தியைத்தான் படித்திருக்கிறார். சந்தேகப்படும்படி ஏதுமில்லை என்று அதில் இருந்தது. மார்பில் கட்டியோடு மார்கழியில் திரும்பி வந்தார். அதற்குள் கைமீறிவிட்டது. அந்த அம்மாவின் கணவர் அந்தச் செய்தியைத் திறந்து வைத்த போனை நீட்டிக்கொண்டு வரவேற்பறையில் நின்றாராம். திட்டக்கூட இல்லையாம்.

லாக்கைப் புரட்டினார்கள். ஃபோர்ஸ் ஸ்டார்ட் செய்தவர் திருமூர்த்தி என்று இருந்தது. மெமோ வந்தது.

மெமோவோடு வீட்டுக்கு வந்தவர், "நான் ஓட்டல கலாமணி. அந்நேரம் நான் டீக்கடைல இருந்தேன்" என்றார். நான் சோறு போட்டேன். அன்றைக்கு ரசம் நன்றாக வந்திருந்தது. அதைச் சொன்னேன்.

தை மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த நாளில், சித்தோடு பைபாஸில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். நல்ல வெயில். போலீஸ் விபத்து என்று எழுதியது. ஊர் வேறு மாதிரி பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விசாரணை அத்தோடு நின்றது. குற்றம் அவர் பெயரிலேயே நிற்கிறது. அவருடைய படத்துக்குப் பூப்போடும்போது அந்த அம்மாவின் நினைவும் வருகிறது. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

தள்ளிப் போட்டால் எழுதமாட்டேன். இன்றே எழுதிவிட வேண்டும்.

பழைய ஷெட்யூலரின் ஓரத்தில், இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் இடம் ஒன்று உண்டு. தானாக ஓடும் வேலைகள் அங்கே தெரியாது. ஆள் நுழைந்தால்தான் பெயரும் பக்கத்தில் பச்சைப் புள்ளியும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கிக்கொண்டு இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் பெயருக்குக் கீழே அவர் பெயர். பச்சைப் புள்ளியோடு.

என் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருந்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இப்போதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருப்பவருக்குச் செய்தி அனுப்ப அதில் ஒரு பெட்டி உண்டு. அதற்குத் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் அடித்தேன்: ஏனுங்க. அவரை நான் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். அனுப்பிவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வந்துவிடும் என்று நம்பினேன். படித்தவள், கணினியை மேய்க்கிறவள், நம்பினேன்.

பச்சைப் புள்ளி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் போன் அடித்தது. கரூர்.

"அம்முணி," என்றார் சென்னியப்பன் அண்ணா. "சாப்டாச்சா?"

"மூணு மணிக்கு மேல கேக்கறீங்களேங்ணா."

"சும்மாதாங் கண்ணு. கேக்கோணும்னு தோணுச்சு."

குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் சர்வர் அறையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, திருமூர்த்தி இல்லை என்பது. லாரியில் மோதிய அன்று எல்லோரும் அழுதார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இன்று மதியம்தான் செத்தார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 16, திங்கள்

கரூர் போனேன். புதிய ஷெட்யூலரின் ஏவலைக் கேட்டு நடக்க ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன மென்பொருளைப் பொருத்த வேண்டும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

பொருத்தி முடிக்கிற வரை இரண்டு பேரும் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. முடிந்ததும் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். மூலை மேஜை. நான் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தார்.

"என்ற ஐடில ஃபோர்ஸ் பண்ண முடியாது அம்முணி. பாக்கத்தான் முடியும். அவன் எங்காவது வெளிய இருக்கறப்ப அவசரம்னா என்ன பண்றது? போன்லயே பாஸ்வேர்ட் சொல்லிட்டான். நீங்களே போட்டுக்குங்ணான்னு."

"ஆடி மாசம் போட்டது நீங்களா?"

"மெஷின் தூங்கிக் கெடந்துச்சு. டாக்டர் ரிசல்ட் போச்சா, ரிசல்ட் போச்சான்னு கத்தறாரு. மொத வேலை முடிஞ்சிருக்கும்னு நெனச்சுத் தட்டி உட்டுட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

டம்ளரைப் பார்த்தே சொன்னார். "அந்தப் பாஸ்வேர்ட் எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். தெரியாம இருக்குமா? நானே போய்ச் சொல்லிர்றேன்னேன். இருங்ணா, பாஸ்வேர்ட் குடுத்தது என்ற தப்பு, விசாரணைல பேசிக்கலாம்னான். அந்த விசாரணைக்குப் போறப்பதான்..."

பக்கத்து மேஜையில் நர்ஸ்கள் யாருடைய வளைகாப்பைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கப்புறம் ஏனுங்ணா சொல்லல?"

"பழி போனவன் மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன். அவனுக்கு இனி என்ன வந்துரும்னு நெனச்சேன்."

"எனக்கு வந்துச்சுங்ணா."

டம்ளரைத் தள்ளி வைத்தார். இன்னும் ஏன் அந்த ஐடியில் நுழைகிறீர்கள் என்று கேட்டேன். உன்னை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் என்று ஆரம்பித்தவர், அதை விட்டுவிட்டார். "அவம் பேர அடிக்கறப்ப அவன் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும். நின்னுட்டு ஒண்ணுஞ் சொல்ல மாட்டான். அதுதாங் கண்ணு தாங்க முடியல" என்றார்.

பஸ்ஸுக்கு எழுந்தேன். "நீங்களே சொல்லோணும். நான் சொன்னா பொண்டாட்டி புருசனுக்குப் பரிஞ்சு பேசறதா ஆயிரும்" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

சென்னியப்பன் அண்ணா போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

துணி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பூதம் வேறு யாராவதாக இருந்திருந்தால் இந்நேரம் பத்மநாபன் சார் அறையில் நின்று கத்தியிருப்பேன். நான் இன்று சம்பளத்தில் சோறு தின்பது சென்னியப்பன் அண்ணா அலைந்ததால். தர்ஷிகாவுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்து. இப்போது யோசித்தால், அவர் அலைந்தது எங்களுக்காகவா, தன் மனசாட்சிக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. சாம்பாரில் உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் சொல்வது?

என் வீட்டுக்காரர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடம் மட்டும் பாதி சொன்னார். மீதியை நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

துணி அதிகம் ஊறினால் சாயம் போய்விடும். போகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பழைய லாக் எதுவும் புதியதற்கு வராது என்று பத்மநாபன் சார் முடிவு சொல்லிவிட்டார். சனிக்கிழமை பழைய ஷெட்யூலரை மொத்தமாக அணைக்க வேண்டும். அதற்கு முன்னால் திருமூர்த்தியின் ஐடியை நீக்க வேண்டும். "உங்களால முடியலைன்னா வேற யாரையாவது பண்ணச் சொல்றேம்மா" என்றார். கரிசனம்தான். நானே செய்கிறேன் என்றேன்.

சொல்லிவிடலாம் என்று கதவு வரை போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை அண்ணாவுக்குப் பிரிவு உபசார விழா. அதுவரை பொறுத்துப் பார்ப்பது. அன்றும் வாயைத் திறக்காவிட்டால் நான் திறந்துவிடுவேன். அப்புறம் யார் யாருக்கு என்ன உறவு என்று பார்க்கப்போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

விழா, தலைமை அலுவலகக் கூட்ட அறையில். சந்தன மாலை, சால்வை, கேக், கிளைகளிலிருந்தெல்லாம் ஆட்கள். சென்னியப்பன் அண்ணாவின் மனைவி பட்டுப் புடவையில் முதல் வரிசையில். மருந்தகக் கண்காணிப்பாளர் ஒரு வெண்பா வாசித்தார். தளை எல்லாம் தட்டியது. கை தட்டினோம்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அண்ணாவிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் சால்வையை எடுத்து மடித்து மேஜையில் வைத்தார். வியர்க்கிறதாக்கும் என்று யாரோ ஃபேனைக் கூட்டினார்கள்.

"எல்லாரும் என்னைய நல்லவன்னு சொன்னீங்க. ரொம்ப நன்றிங்" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி ரிசல்ட் மாறிப் போச்சே, காங்கேயத்துல அந்த அம்மா... அத ஓட்டுனது திருமூர்த்தி இல்லீங். அவன் ஐடில நான் ஓட்டுனேன். அப்ப அவனுக்கு ஒண்ணுந் தெரியாது. நாந்தான்."

பத்மநாபன் சார் எழுந்து, "அண்ணே உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று மைக்கை வாங்கப் பார்த்தார். அண்ணா விடவில்லை. "இல்லீங் சார். எழுதியுங் குடுத்துர்றேன்" என்றார். அவர் மனைவி மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எழுதி வாங்கினார்கள். பணி ஓய்வு உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை இருக்குமாம். திருமூர்த்தியின் கோப்பில் குற்றச்சாட்டு நீக்கப்பட்டதாகக் குறிப்புச் சேர்ப்பார்கள் என்று பத்மநாபன் சார் என்னிடம் வந்து சொன்னார். பாஸ்வேர்டைப் பகிர்ந்த தவறு இருக்கத்தான் செய்கிறது என்றும் சொன்னார். சரி என்றேன். அது அவர் தவறுதான்.

அண்ணாவையும் அக்காவையும் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். கரூர் பஸ் வந்ததும், "வர்றன் கண்ணு" என்றார். போகிறேன் என்று சொல்கிற வழக்கம் இல்லையே நம்மிடம். ஜெயித்த மாதிரி இல்லை. மனசு முழுக்க வெறிச்சென்று இருந்தது.

தர்ஷிகாவிடம் இன்று சொல்லவில்லை. அவசரமாகச் சொல்கிற விஷயமா இது? நாளை.

ஜூன் 28, சனி

காலையில் எல்லாக் கிளைகளும் புதிய ஷெட்யூலருக்கு மாறின. நாமக்கல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்து வழிக்கு வந்தது. மதியம் திருமூர்த்தியின் ஐடியை நீக்கினேன். நிச்சயமாக நீக்கலாமா என்று கேட்டது. ஆம். வேலைகள் எதுவும் நிற்கவில்லை. நின்றிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தர்ஷிகாவுக்குப் பிடித்த வெங்காய தோசை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளை. இத்தனை நாள் கழித்து அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. கல்லில் அடுத்த தோசையை ஊற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"தர்ஷி, அந்த ரிசல்ட் விஷயம்... அத உங்கப்பா ஓட்டல."

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்மா" என்றாள்.

"யார் சொன்னா? சென்னியப்பன் பெரியப்பா போன் பண்ணாரா?"

"அப்பாதான் சொன்னாரு." சட்னியைத் தொட்டுக்கொண்டாள். "மெமோ வந்த அன்னிக்கு. உங்கிட்டதானம்மா சொன்னாரு. நான் உள்ள படிச்சிட்டிருந்தேன்."

கல்லில் தோசை தீய்கிற வாசம் வந்தது. அவள்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.